சூடு ஆறுவதற்குள் பிடித்துவிடுங்கள்

வெயில் ஏறிவிட்டால் எனக்கு வரும் கடிதங்களில் ஒரே புகார்தான் திரும்பத் திரும்ப வரும். காலையில் சாவியைத் திருப்பியதும் பிடிக்கிற கார், ஓடி வந்து நின்றபின் பிடிக்க மறுக்கிறது. அரை மணி நேரம் விட்டால் மறுபடி நல்ல பிள்ளை. இந்த இதழ் முழுக்க அதற்கே.

பெட்ரோல் போட நிறுத்தினேன், அவ்வளவுதான், ஸ்டார்ட் ஆகவில்லை. பேட்டரி, பிளக், பெட்ரோல் பம்ப் மூன்றையும் மாற்றியாகிவிட்டது. இன்னும் அதே கதை. அடுத்து எதை மாற்றட்டும் சார்? (திண்டுக்கல்)

எதையும் மாற்றாதீர்கள். உங்கள் கடிதத்தில் ஒரு தகவலைத்தான் காணோம்: சாவியைத் திருப்பும்போது வண்டி என்ன செய்கிறது? செல்ஃப் அடிக்கவே இல்லையா? இழுத்து இழுத்து மெதுவாக அடிக்கிறதா? நன்றாக அடித்தும் பிடிக்கவில்லையா? முதல் இரண்டும் பேட்டரி, ஒயர், செல்ஃப் மோட்டார் பக்கம். மூன்றாவது கரண்ட் அல்லது பெட்ரோல் பக்கம். இதற்குப் பதில் தெரியாமல் ஸ்பேர் வாங்குவது இருட்டில் கல் எறிவது.

உங்கள் மெக்கானிக்கை நான் குறை சொல்ல மாட்டேன். வண்டி அவரிடம் போய்ச் சேர்ந்தபோது ஆறியிருக்கும். ஆறின வண்டியில் எல்லாப் பொருளும் சரியாகத்தான் இருக்கும். கோளாறு உயிரோடு இருக்கும் அந்தப் பத்து இருபது நிமிடத்தில் வண்டியோடு இருப்பவர் நீங்கள் ஒருவர்தான். அப்போது நீங்கள் கவனிப்பதுதான் பாதி வைத்தியம்.

ஓடும்போது வராத சூடு நின்றபிறகு எங்கிருந்து வருகிறது? (கும்பகோணம்)

ஓடும்போது ரேடியேட்டர் தண்ணீர் சுற்றுகிறது, எதிர்காற்று அடிக்கிறது, புதிது புதிதாகப் பெட்ரோல் பாய்ந்து குழாயைக் குளிர்விக்கிறது. சாவியை அணைத்த நொடியில் மூன்றும் நின்றுபோகும். எஞ்சினுக்குள் தேங்கிய சூடு வெளியே பரவும். பானட்டுக்குள் இருக்கும் காயில், சென்சார், செல்ஃப் மோட்டார், பெட்ரோல் குழாய் எல்லாம் ஓடும்போது இருந்ததைவிட அதிகம் சூடாவது அப்போதுதான். நிறுத்திய உடனே திருப்பினால் பிடிக்கும், டீ குடித்துவிட்டு வந்தால் பிடிக்காது, ஒரு மணி நேரம் கழித்துப் பிடிக்கும் என்று பலர் சொல்வதன் காரணம் இதுதான்.

சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம். அதோடு சரி. ஆறினால் ஜோராக அடிக்கிறது. புது பேட்டரிதான். (ஆம்பூர்)

இது செல்ஃப் மோட்டார் சங்கதி. அதன் முதுகில் இருக்கும் சொலினாய்டு ஒரு மின்காந்தம். உள்ளே செம்புச் சுருள். செம்பு சூடானால் அதன் மின்தடை கூடும். 20 டிகிரியில் இருப்பதைவிட 100 டிகிரியில் சுமார் 30 சதவீதம் அதிகம். தடை கூடினால் கரண்ட் குறையும், இழுவிசை குறையும். உள்ளே காண்டாக்ட் தேய்ந்தோ புஷ் தேய்ந்தோ இருந்தால், குளிரில் சமாளித்த மோட்டார் சூட்டில் கையை விரித்துவிடும். பல கார்களில் செல்ஃப் மோட்டார் சைலன்சர் மேனிஃபோல்டுக்கு ஒட்டினாற்போல் இருக்கும். வெப்பத்தடுப்புத் தகடு ஒன்று கம்பெனியில் போட்டிருப்பார்கள். கழற்றி மாட்டியவர்கள் அதைத் திருப்பி மாட்டினார்களா என்று குனிந்து பாருங்கள். நான் பார்த்த வண்டிகள் பலவற்றில் அது இல்லை.

ஆனால் மோட்டாரைக் கழற்றுமுன் ஒயரைப் பாருங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நல்ல மோட்டார்கள் அநியாயத்துக்குத் தூக்கி எறியப்படுகின்றன. ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். 20 வோல்ட் டி.சி.யில் வையுங்கள். ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்தில் வையுங்கள். கிளாம்பில் வைக்கக் கூடாது, ஈயக் கம்பத்திலேயே வையுங்கள். மறுமுனை எஞ்சின் உலோகத்தில். வண்டி சூடாக இருக்கும்போதே ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். மீட்டர் 0.2, 0.3 வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் நலம். ஒரு வோல்ட் காட்டினால் எஞ்சினுக்கும் பாடிக்கும் போகும் எர்த் ஒயரைத் தேடுங்கள். துருவும் எண்ணெயும் பிடித்து, போல்ட் தளர்ந்து கிடக்கும். அதேபோல் பாசிட்டிவ் கம்பத்துக்கும் செல்ஃப் மோட்டாரின் தடித்த ஒயர் முனைக்கும் நடுவே 0.5 வோல்ட்டைத் தாண்டக் கூடாது.

இவ்வளவு சின்ன எண்ணுக்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்? சிறிய கார் கூட செல்ஃப் அடிக்க 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அந்த ஓட்டத்தில் நூறில் ஒரு பங்கு ஓம் தடை இருந்தாலே ஒரு வோல்ட் காணாமல் போய்விடும்.

'டிக்' சத்தமும் இல்லை என்றால்? (ஆம்பூர் வாசகரே, பின்குறிப்பில்)

சொலினாய்டுக்கு வரும் மெல்லிய ஒயரில் 12 வோல்ட் வருகிறதா என்று சாவி திருப்பும்போது பாருங்கள். வந்தால் சொலினாய்டு. வராவிட்டால் ரிலே, இக்னிஷன் சுவிட்ச், கிளட்ச் மிதி சுவிட்ச். ஆட்டோமேட்டிக் வண்டியென்றால் கியர் நெம்பை 'என்'னில் வைத்தும் ஒரு முறை திருப்பிப் பாருங்கள்.

செல்ஃப் நன்றாக அடிக்கிறது, பிடிக்க மட்டும் மாட்டேன் என்கிறது. சில நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்தும் விடுகிறது. இரவில் குழந்தைகளோடு பைபாஸில் நின்றிருக்கிறேன். பயமாக இருக்கிறது. (வாசகி, விழுப்புரம்)

பயம் நியாயமானது அம்மா. ஓடும்போதே அணைகிற வண்டியில் பிரேக் பூஸ்டரும் பவர் ஸ்டீயரிங்கும் சேர்ந்தே கைவிடும். இதைச் சரிசெய்யும் வரை நெடுஞ்சாலைக்கு எடுக்காதீர்கள்.

நீங்கள் சொன்ன இரண்டு அறிகுறியும் சேர்ந்தால் என் முதல் சந்தேகம் கிராங்க் சென்சார். எஞ்சின் தண்டு எந்த நிலையில் இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சிறு பொருள் இது. ஃபிளைவீல் பக்கத்திலோ முன்புற புல்லி பக்கத்திலோ, பல் வைத்த சக்கரத்துக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் நிற்கும். பழைய ரகத்தில் முடியளவு மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியிருக்கும். அதில் எங்கோ ஒரு விரிசல் விழுந்தால், ஆறியிருக்கும்போது முனைகள் தொட்டுக்கொண்டிருக்கும், சூட்டில் விரிந்து விலகும். சென்சார் செய்தி வராவிட்டால், தண்டு சுற்றவில்லை என்று கம்ப்யூட்டர் முடிவு கட்டி கரண்டையும் பெட்ரோலையும் ஒருசேர நிறுத்திவிடும். ஆறியதும் முனைகள் மறுபடி தொடும்.

வண்டி பிடிக்காத நேரத்தில் மூன்று காரியம் செய்யுங்கள். செல்ஃப் அடிக்கும்போது ஆர்.பி.எம். முள்ளைப் பாருங்கள். பல கார்களில் அது லேசாகவாவது துள்ளும். அசையாமல் கிடந்தால் சென்சார் மீது சந்தேகம் கூடுகிறது. சில மாடல்களில் சென்சார் நன்றாக இருந்தாலும் முள் அசையாது என்பதால், ஸ்கேனர் இருந்தால் லைவ் டேட்டாவில் ஆர்.பி.எம். பார்ப்பது உறுதி. செல்ஃப் அடிக்கையில் 200 பக்கம் வர வேண்டும். பூஜ்யம் என்றால் குற்றவாளி கிட்டத்தட்டப் பிடிபட்டார். கடைசியாக, சென்சார் கைக்கு எட்டுமானால் அதன்மேல் மட்டும் ஈரத்துணி வைத்து இரண்டு நிமிடம் ஆற்றுங்கள். மீதி எஞ்சின் சூடாகவே இருக்க, வண்டி பிடித்துவிட்டால் வேறு சாட்சி வேண்டாம்.

இரண்டு ஒயர் சென்சார் என்றால் சூட்டிலேயே ஓம் அளக்கலாம். வண்டிக் கையேடு சொல்லும் அளவோடு ஒப்பிடுங்கள். அளவே காட்டாமல் திறந்து கிடந்தால் மாற்ற வேண்டியதுதான். மூன்று ஒயர் இருந்தால் அது பெரும்பாலும் ஹால் ரகம், அதில் ஓம் அளக்கக் கூடாது. மாற்றும்போது சென்சாருக்கு வரும் ஒயரும் அதன் முனைப் பிளக்கும் கருகியிருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். புது சென்சார், பழைய கருகின பிளக் என்றால் இதே கடிதத்தை மறுபடி எழுதுவீர்கள்.

ஸ்கேனர் போட்டார்கள். ஒரு எரர் கோடும் வரவில்லை. அப்படியென்றால் கோளாறே இல்லையா? (திருநெல்வேலி)

இருக்கிறது. கம்ப்யூட்டருக்குத் தெரியாது, அவ்வளவே. கிராங்க் சென்சாரிலிருந்து செய்தி வராததை எஞ்சின் நின்றுவிட்டதாக எடுத்துக்கொண்டு பல வண்டிகள் எரர் கோடு எழுதுவதில்லை.

சூட்டில் பத்து முறை செல்ஃப் அடித்தால் பெட்ரோல் நாற்றம், கரும்புகை, அப்புறம் முக்கி முனகிப் பிடிக்கிறது. (பொள்ளாச்சி)

உங்கள் வண்டிக்குப் பசி இல்லை, அஜீரணம். பெட்ரோல் அதிகம் போகிறது. இரண்டு இடத்தைப் பாருங்கள்.

ஒன்று, கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார். எஞ்சின் குளிராக இருந்தால் அதன் தடை இரண்டு, மூன்று கிலோ ஓம் இருக்கும். 90 டிகிரியில் இருநூறு, முந்நூறு ஓமுக்கு இறங்கும். அது கெட்டு, கொதிக்கிற எஞ்சினைக் குளிர் என்று சொன்னால், கம்ப்யூட்டர் விடியற்காலைக் கணக்கில் பெட்ரோலை ஊற்றும். ஸ்கேனரில் காட்டும் டிகிரியை எஞ்சினின் நிஜச் சூட்டோடு ஒப்பிட்டாலே தெரிந்துவிடும். டேஷ்போர்டு முள்ளை நம்ப வேண்டாம். சில வண்டிகளில் முள்ளுக்கு ஒரு சென்சார், கம்ப்யூட்டருக்கு இன்னொன்று.

இரண்டு, ஒழுகும் இஞ்செக்டர். அணைத்தபின் குழாயில் தேங்கிய அழுத்தம் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கும். நின்ற கொஞ்ச நேரத்தில் அழுத்தம் எவ்வளவு இறங்குகிறது என்று பிரஷர் கேஜ் போட்டுப் பார்க்க வேண்டும்.

நடுவழியில் தப்பிக்க: ஆக்சிலரேட்டரைத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். பல இஞ்செக்ஷன் வண்டிகளில் அப்படிச் செய்தால் பெட்ரோல் நிறுத்தப்பட்டு காற்று மட்டும் உள்ளே போகும். பிடித்ததும் காலை எடுங்கள். மிதித்து மிதித்து விடக் கூடாது.

என் வண்டியில் பெட்ரோல் நாற்றமே இல்லை. சாவியை இரண்டு மூன்று முறை ஆன் செய்து அணைத்துவிட்டு அப்புறம் அடித்தால் பிடிக்கிறது. (கரூர்)

அருமையான கவனிப்பு. ஒவ்வொரு ஆனுக்கும் பெட்ரோல் பம்ப் இரண்டு விநாடி ஓடி அழுத்தம் ஏற்றுகிறது. உங்கள் வண்டியில் நின்றதும் அழுத்தம் இறங்கிவிடுகிறது, சூட்டில் குழாயில் மீந்த பெட்ரோல் ஆவியாகிறது. பம்புக்குள் இருக்கும் திரும்பிப்போகாத் தடுப்பு வால்வையும் பிரஷர் ரெகுலேட்டரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்பாவின் அம்பாசடர். ஏற்காடு ஏறி முடித்து நிறுத்தினால் எழுந்திருக்காது. ஈரத்துணி போடச் சொல்வார் அப்பா. மூடநம்பிக்கையா? (சேலம்)

அப்பா சொன்னது அத்தனையும் விஞ்ஞானம். அந்த வண்டியில் பெட்ரோல் பம்ப் எஞ்சினோடு சேர்த்து முடுக்கப்பட்டிருக்கும். டேங்கிலிருந்து உறிஞ்சி இழுப்பதால் பம்புக்கு வரும் குழாயில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அழுத்தம் குறைந்தால் எந்தத் திரவமும் சீக்கிரம் கொதிக்கும். பெட்ரோலின் லேசான பகுதிகள் 40 டிகிரி பக்கத்திலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். பம்ப் திரவத்தைத் தள்ளும், ஆவியைத் தள்ளாது. மலையேற ஏற இது இன்னும் மோசம். சுமார் 2,240 மீட்டர் உயர ஊட்டியில் தண்ணீரே 93 டிகிரி பக்கத்தில் கொதித்துவிடும், பெட்ரோல் எம்மாத்திரம்! மேலேற்றத்தில் முதல் இரண்டு கியரில் எஞ்சின் கதறும், எதிர்காற்றோ குறைவு.

ஆகவே பம்பின்மேலும் பம்ப் முதல் கார்புரேட்டர் வரையுள்ள குழாயின்மேலும் ஈரத்துணி. எஞ்சின் பிளாக்கிலும் சைலன்சரிலும் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள், வார்ப்பிரும்பு விரிசல் விடும். ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் தொடவே வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதே வண்டியில் பாயிண்ட் செட்டோடு இருக்கும் கண்டன்சரும் சூட்டில் கெடும். ஈரத்துணி போட்டும் எழவில்லை, பிளக்கில் பொறி மங்கலாகச் சிவந்து வருகிறதென்றால் கண்டன்சரை மாற்றிப் பாருங்கள். விலை மலிவு.

எல்லாம் இந்த எத்தனால் பெட்ரோலால் வந்த வினை என்கிறாரே எங்கள் மெக்கானிக்? (மதுரை)

எத்தனால் மேல் எனக்கும் சில கேள்விகள் உண்டு, குறிப்பாகப் பழைய வண்டிகளின் ரப்பர் குழாய்களைப் பற்றி. ஆனால் சூட்டில் ஸ்டார்ட் ஆகாததற்கெல்லாம் அதைக் கைகாட்டுவது சோம்பேறித்தனம். பெட்ரோலில் எத்தனால் கலந்தால் ஆவியழுத்தம் ஏறுவது உண்மை. அந்த ஏற்றம் 10 சதவீதக் கலப்புக்குள்ளேயே உச்சம் தொட்டுவிடும், 20 சதவீதத்தில் அதைவிடக் கூடுவதில்லை. கார்புரேட்டர் வண்டி என்றால் கொஞ்சம் பாதிப்பு வரலாம். டேங்குக்குள் பம்ப் வைத்து மூன்று பார் அழுத்தத்தில் தள்ளும் வண்டியில் அதை முதலில் சந்தேகிக்க மாட்டேன்.

எஞ்சின் ஆறியிருக்கிறது. வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்தினால் மட்டும் ஸ்டார்ட் ஆகவில்லை. இது என்ன வகை? (ராமநாதபுரம்)

கோளாறு பானட்டுக்குள் இல்லை, உங்கள் முழங்காலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. டேஷ்போர்டுக்குக் கீழே பெட்ரோல் பம்புக்குக் கரண்ட் தரும் ரிலே இருக்கும். 90களின் ஹோண்டா கார்களில் மெயின் ரிலேக்குள் இருக்கும் ஈயப் பற்றவைப்பு விரிசல் விட்டு, கேபின் சூடேறினால் தொடர்பு அறுந்துபோவது உலகம் முழுக்க மெக்கானிக்குகளுக்குத் தெரிந்த விஷயம். கதவைத் திறந்து போட்டுக் காற்றாட விட்டால் பிடிக்கும். உங்கள் வண்டி எதுவானாலும், சாவி ஆன் செய்ததும் பின்சீட் பக்கம் பம்பின் இரண்டு விநாடி ரீங்காரம் கேட்கிறதா என்று காது கொடுங்கள். வெயிலில் கேட்கவில்லை, நிழலில் கேட்கிறது என்றால் ரிலேயைத் திறந்து பூதக்கண்ணாடியில் பற்றவைப்புகளைப் பாருங்கள். ஈயத்தைச் சுற்றி மெல்லிய வளையக் கோடு தெரியும்.

சூட்டில் கெடும் என்று தெரிந்தே ஒரு கம்பெனி பொருளை விற்குமா? (கோவை)

அமெரிக்காவில் இதே கேள்வி நீதிமன்றம் ஏறியது. ஃபோர்டு தன் கார்களில் இக்னிஷன் மாட்யூலை நேரடியாக டிஸ்ட்ரிபியூட்டரின்மேல், எஞ்சின் சூடு தாக்கும் இடத்தில் வைத்தது. 1983 முதல் 1995 வரையிலான வண்டிகள் சூட்டில் அணைவதாகவும் ஆறினால் பிடிப்பதாகவும் வழக்கு. 2000ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் அலமீடா கவுண்டி நீதிபதி ஒருவர், கம்பெனி ஆபத்தை மறைத்தது என்று சொல்லி, அந்த மாநிலத்தில் சுமார் 17 லட்சம் வண்டிகளைத் திரும்பப் பெற உத்தரவிட்டார். அடுத்த ஆண்டு சமரசத்தில் முடிந்தது. அந்த வழக்கில் என் மனதைத் தொடுவது, கோளாறின் சுபாவமே நிரூபிக்க விடாமல் தடுத்தது என்பதுதான். நின்ற வண்டியைச் சோதிக்க எடுத்துப் போவதற்குள் ஆறி, ஓடத் தொடங்கிவிடும். விழுப்புரத்து வாசகி போன்றவர்களின் சொல்லை ஒர்க்‌ஷாப்பில் நம்பாமல் போவதும் இதனால்தான்.

தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா? (நாகர்கோவில்)

செல்ஃப் அடிக்காத மேனுவல் வண்டியென்றால் தள்ளலாம். செல்ஃப் அடித்தும் பிடிக்காத வண்டியைத் தள்ளிப் பயனில்லை. எரியாத பெட்ரோல் சைலன்சரில் போய் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும்.

டிராக்டர் அண்ணே. மதியம் டீசல் எஞ்சின் அணைத்தால் சாயங்காலம்தான் எழும். பம்பில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் உடனே எழுகிறது. (மன்னார்குடி)

நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள் தம்பி. ரோட்டரி பம்பின் உள்ளே சுழலும் ரோட்டரும் அதன் உறையும் தேய்ந்துவிட்டன. குளிரில் டீசல் கெட்டியாக இருப்பதால் இடைவெளியில் கசியாது. சூட்டில் இளகி நழுவிவிடும். செல்ஃப் அடிக்கும் குறைந்த வேகத்தில் நாசிலைத் திறக்கும் அழுத்தம் எழும்பாது. பம்பை டீசல் லேபில் கொடுத்து, சூடான டீசலில் சோதித்துத் தரச் சொல்லுங்கள். அது முக்கியம். தண்ணீர் வைத்தியத்தை நெடுநாள் நீட்டாதீர்கள்.

காமன் ரயில் கார்களிலும் இதே சங்கதிதான், இடம் மட்டும் வேறு. ரயிலில் 200 பார் அளவுக்காவது ஏறினால்தான் பல வண்டிகளில் இஞ்செக்டர் திறக்கும். தேய்ந்த இஞ்செக்டர் சூட்டில் டீசலை அதிகம் திருப்பி அனுப்பிவிடும். நான்கு இஞ்செக்டரின் ரிட்டர்ன் குழாயையும் தனித்தனி பாட்டிலில் விட்டு, எது சீக்கிரம் நிறைகிறது என்று பார்த்தால் ஆள் யாரென்று தெரியும்.

பைக்கிலும் இப்படி வருமா? (தேனி)

வரும். பல்சர் காயில் என்று கடையில் கேட்டு வாங்குவீர்களே, அது கிராங்க் சென்சாரின் தம்பி. அதற்கு முன் டேப்பட் இடைவெளியைப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் சூட்டில் வால்வு முழுக்க மூடாது, கிக்கர் லேசாக இறங்கும்.

நான் புதிதாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர் சொல்லும் கோளாறு என் கடையில் வரவே மாட்டேன் என்கிறது. வரவழைப்பது எப்படி? (ஓசூர்)

இந்தக் கேள்வி கேட்பவரிடம் வண்டி கொடுக்கலாம். முதலில் வண்டியைப் பத்து கிலோமீட்டர் ஓட்டி வாருங்கள். ஃபேன் ஓடும்வரை ஐட்லிங்கில் விட்டு அணையுங்கள். பானட்டை மூடியே வையுங்கள். பல இளைஞர்கள் வந்ததும் பானட்டைத் திறந்து கோளாறைப் பறக்க விட்டுவிடுகிறார்கள். ஐந்து, பத்து, பதினைந்தாவது நிமிடங்களில் சாவி திருப்பிப் பாருங்கள். பிரஷர் கேஜ், ஸ்கேனர், ஸ்பார்க் டெஸ்டர் மூன்றும் முன்பே மாட்டியிருக்க வேண்டும். பிளக்கை வெளியே எடுத்துப் பொறி பார்க்கும் பழைய பழக்கம் பெட்ரோல் ஆவி நிறைந்த பானட்டுக்குள் தீயை வரவழைக்கும், விட்டுவிடுங்கள்.

அப்படியும் வராவிட்டால், சந்தேகப்படும் சென்சார் அல்லது மாட்யூலை ஹேர் டிரையரால் மெல்லச் சூடாக்குங்கள். ஒரு நேரத்தில் ஒரே பொருள். வண்டி அணைந்ததும் அதே பொருளை மட்டும் ஆற்றிப் பாருங்கள். பிடித்தால் மாற்றுங்கள். மாற்றிய பிறகு இதே சோதனையை முதலிலிருந்து ஒரு முறை, பானட் மூடி, பதினைந்து நிமிடம் நிறுத்தி, வாடிக்கையாளர் கையாலேயே சாவியைத் திருப்ப வைத்துவிட்டு அப்புறம் பில் போடுங்கள்.